ஸ்பெயின் புகழ் துலுக்கானம்

துலுக்கானம் ஸ்பெயினுக்குப் போனதில்லை. அவர் பார்த்த தூர தேசம் திருத்தணி; அதுவும் மொட்டை போடப் போனது. இருந்தும் எண்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம் பருத்திப்பட்டுச் சுவர்களில் ஒட்டிய மஞ்சள் நோட்டீஸில் 'ஸ்பெயின் புகழ் துலுக்கானம் அவர்களின் கிட்டார் விருந்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஸ்பெயினில் அவருடைய புகழ் எந்த நிலையில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஊரில் அதுவரை அவருக்கு இருந்த புகழெல்லாம் வலது கையில் மட்டும் நகம் வளர்க்கிற ஆள் என்பதுதான்.

அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. நிலம் காம்பவுண்டு சுவராக மாறியது. மகன் அந்தச் சுவருக்கு உள்ளே டர்னராகச் சேர்ந்தார். ஷிப்ட் முடிந்தால் சைக்கிள், ஏரிக்கரை, வீடு. வீட்டில் மனைவி சாமுண்டீஸ்வரி. இத்தோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக வாழ்ந்திருப்பார். முதல் போனஸில் ஒரு கிட்டார் வாங்கினார்.

அதே தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த பக்தவத்சலம் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். நிறுவனர், தலைவர், முதன்மைப் பாடகர், ஆர்மோனியம் எல்லாம் அவரே. குழுவில் ஒரு கிட்டார் இருந்தால் மேடைக்கு எடுப்பாக இருக்கும் என்று துலுக்கானத்தைச் சேர்த்துக்கொண்டார். கிட்டார் கேட்க வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. துலுக்கானத்தின் கிட்டாரில் ஒரு ஒயரை மாட்டிவிட்டிருந்தார். அது எங்கே போய்ச் சேருகிறது என்று இரண்டு வருஷம் துலுக்கானம் கேட்கவில்லை. பூந்தமல்லியில் ஒரு கல்யாணக் கச்சேரியில் கால் தடுக்கியபோதுதான் ஒயர் கையோடு வந்தது. அதன் மறுமுனை மேடைக்கு அடியில் ஒரு செங்கல்லில் அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

"இன்னா அண்ணாத்தே இது?"

பக்தவத்சலம் பாட்டை நிறுத்தாமல், இடையிசை வரும் வரை பொறுத்திருந்து பதில் சொன்னார். "ஒன் வாத்தியம் கண்ணுக்குடா. காதுக்குத்தான் நான் கீறேன்ல."

செங்கல்லுக்குச் சங்கீதம் கேட்கும் பாக்கியம் அத்தோடு முடிந்தது. துலுக்கானம் குழுவை விட்டு விலகினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடைக்குப் போய், "கிட்டாரு முன்னாடி நிக்கிற மாதிரி, நல்லா சத்தமா இங்கிலீஷ் பாட்டு ஒரு கேசட் போட்டுக் குடுங்க" என்றார்.

கடைக்காரர் நியாயமான மனிதர். வாடிக்கையாளர் கொடுத்த டேப்பில் ஒரு விரற்கடை கூடக் காலியாக விட மாட்டார். ராக் பாட்டுகளைப் பதிந்தார். டேப் மிச்சம் இருந்தது. சாப்பாட்டு நேரம். கைக்கு அகப்பட்ட வேறொரு கேசட்டைச் செருகி, மிச்சத்தையும் நிரப்பிவிட்டுச் சோற்றில் கை வைத்தார். அகப்பட்டது ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கிட்டார்.

இந்தக் கதை துலுக்கானத்துக்குத் தெரியாது. டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் வானம் இடிந்து விழுவதுபோல் முழங்கின. திடீரென்று கரண்ட் போனதைப் போல எல்லாம் அடங்கியது. உடனே ஒற்றைக் கிட்டார் புறப்பட்டது. ஐந்து விரல்களும் விசிறிபோல விரிந்து கம்பிகளின்மேல் உதறுகிற சத்தம். இடையிடையே மரப்பெட்டியில் நகத்தால் தட்டுகிற சத்தம். யாரோ கைதட்டிக் கொண்டே அழுகிற மாதிரி ஒரு குரல். இடியையும் இதையும் ஒரே பாட்டுக்குள் வைத்தவனுக்கு எவ்வளவு பெரிய மூளை இருக்க வேண்டும் என்று துலுக்கானம் மலைத்துப்போனார். சேர்த்த நேரத்தில் அந்த மூளை அம்பத்தூரில் மோர்க்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பாட்டை வாசித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கு நகம் வேண்டும். லேத் மெஷினில் இரும்பு சீவுகிறவன் நகம் வளர்ப்பது, ரயில்வே கேட்டில் வாழை வைப்பது போல. வளர்ந்த நகம் புதன்கிழமை உடையும். வியாழக்கிழமை இன்னொன்று உடையும். கடைசியில் பிங்பாங் பந்தை நகம்போல வெட்டி, பீங்கான் ஒட்டுகிற பசையால் விரலில் ஒட்டிக்கொண்டார். தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தில் பந்துகள் குறைந்துகொண்டே வந்ததற்கு எலிகளைச் சந்தேகித்தார்கள்.

சாமுண்டீஸ்வரி அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இன்னாய்யா இது, ஒரு கை கலெக்டர் பொண்டாட்டி கை மாதிரி கீது, இன்னொரு கை ஒன் கை மாதிரியே கீது."

"இது வாசிக்கறதுக்கு."

"வாசிக்கிறியா? நீ எதையோ தேய்ச்சிக் கழுவுறன்னுல்ல நெனச்சேன்."

அவள் தீர்ப்பு அப்போதே வந்துவிட்டது. அப்புறம் அவர் கிட்டாரை எடுத்தால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். அந்த வீட்டில் தண்ணீர்ப் பஞ்சமே வந்ததில்லை.

இப்படி மூன்று வருஷம். கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு, ஒவ்வொரு விரலாகப் பழக்கி, எட்டுமணி நேர ஷிப்டுக்குப் பிறகு மிஞ்சிய உயிரில் வாசித்தார். நன்றாகவே வாசித்தார் என்பதுதான் வேடிக்கை. கேட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆள் எண்பத்தெட்டில் கிடைத்தான். ஜேம்ஸ். அம்பத்தூர் ஆங்கிலோ இந்தியன். கல்யாண வரவேற்புகளில் டிரம்ஸ் வாசிப்பவன். துலுக்கானம் அவனுக்குக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். ராக் முடிந்து ஸ்பெயின் தொடங்கிய இடத்தில் ஜேம்ஸ் டேப்பை நிறுத்தினான்.

"மச்சான், இது ஒரு பாட்டு இல்ல. ரெண்டு பேரு, ரெண்டு ஊரு. கடக்காரன் ஒட்டிக் குட்த்துக்கீறான்."

துலுக்கானம் கேசட்டை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மூன்று வருஷம் ஒருவனைக் குரு என்று கும்பிட்டுவிட்டு, அது இரண்டு பேர் என்று தெரிந்தால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"அப்ப இது ரெண்டையும் சேத்து எவனும் வாசிக்கலியா?"

"எனுக்குத் தெரிஞ்சி இல்ல."

ஜேம்ஸுக்குத் தெரிந்த உலகம் அம்பத்தூரில் தொடங்கிப் பெரம்பூரில் முடிந்தது. வெளிநாடுகளில் பல பேர் அந்த வேலையை எப்போதோ செய்துவிட்டார்கள். இவர்களுக்குத் தகவல் வரவில்லை. ஆகவே உலகத்திலேயே முதல்முறையாக அதைச் செய்கிற பொறுப்பு தங்கள் தலையில் விழுந்திருப்பதாக இருவரும் நம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேம்ஸ் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தார்கள்.

நைலான் கம்பிக் கிட்டார் டிரம்ஸ் சத்தத்தில் கேட்கவில்லை. பழைய டெலிபோன் ரிசீவரிலிருந்து ஒரு மைக்கைக் கழற்றிக் கிட்டாரின் வயிற்றில் ஒட்டினார் துலுக்கானம். அது நாய் ஊளையிடுவதுபோல ஊளையிட்டது. "இதான் மாமே ராக்கு" என்று ஜேம்ஸ் சொல்லிவிட்டதால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. தீராத பிரச்சினை தாளம். ஃபிளமெங்கோவில் பன்னிரண்டு எண்ணிக்கை. ஜேம்ஸின் கைகால் நாலாக எண்ணிப் பழகியவை.

"பன்னண்டுன்னா மூணு நாலு. அவ்ளோதானே?"

"எண்ணிக்க சரிதான் ஜேம்ஸு. அடி வேற எட்த்துல உழுது."

"எங்க உழுது?"

துலுக்கானம் தொடையில் தட்டிக் காட்டுவார். ஜேம்ஸ் அதே மாதிரி தொடையில் தட்டுவான். டிரம்ஸில் உட்கார்ந்ததும் மறுபடி நாலுக்குப் போய்விடுவான். கல்யாண வரவேற்பு உடம்பில் ஊறினால் லேசில் போகாது. கடைசியில் துலுக்கானம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார், ஜேம்ஸ் கொஞ்சம் தடுமாறினான். அந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று ஓடியது. கேட்டால் தலை தானாக ஆடும். எந்தப் பக்கம் ஆட்டுவது என்றுதான் தெரியாது.

எண்பத்தொன்பது ஆடித் திருவிழாவில் பாட வேண்டிய பக்தவத்சலத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேம்புலி அம்மன் கோயில் கமிட்டிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அவசரத்துக்குத் துலுக்கானத்தைக் கேட்டார்கள். நோட்டீஸ் அடிக்கிற அச்சகத்துக்காரர், "இன்னா மாதிரி பாட்டு?" என்று கேட்க, இவர் வெகுளியாக, "ஸ்பெயின்" என்று சொன்னார். மிச்சத்தை அச்சகத்துக்காரர் தன் கற்பனையில் பார்த்துக்கொண்டார். மறுநாளே இரண்டு பேர் தங்கள் பையன்களின் பாஸ்போர்ட்டோடு துலுக்கானம் வீட்டுக்கு வந்து, ஸ்பெயினில் டிரைவர் வேலை இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கச்சேரி. முதல் ஐந்து நிமிஷம் கூட்டம் ரிப்பேர் நடக்கிறது என்று நினைத்துப் பொறுமையாக இருந்தது. அதன்பின் மேடைக்குச் சீட்டுகள் வரத் தொடங்கின; எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டு. ஜேம்ஸ் சீட்டுகளை ஸ்னேர் டிரம் காலுக்கடியில் சொருகினான். ஒருவன் பின்னாலிருந்து, "இன்னும் எவ்ளோ நேரம் சுதி சேப்பீங்க?" என்று அக்கறையாகக் கேட்டான்.

அப்போதுதான் நாகம்மா எழுந்தாள். ஆவடி ரயில்வே ஸ்டேஷன் ஓரம் இட்லிக்கடை வைத்திருந்த நாகம்மாமேல் வருஷா வருஷம் அம்மன் இறங்குவாள். வழக்கமாகப் பாரிவாக்கத்துச் சின்னசாமி பம்பை அடித்துத்தான் வரவழைப்பார். சின்னசாமி அந்த நேரம் கோயிலுக்குப் பின்னால் பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் கிட்டார் உதறலும் ஊளையும் டிரம்ஸும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு இடத்தில் நாகம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டுச் சுழன்றாள். கூட்டம் விலகியது. வேப்பிலை வந்தது.

துலுக்கானம் பயந்து கையை எடுக்கப் போனார். பூசாரி மேடைக்கு ஓடிவந்தார்.

"நிறுத்தாத. அம்மா ஆடிகினு கீறா. பாதியில நிறுத்துனா ஊருக்கு ஆவாது."

அவர்களிடம் இருந்ததே பத்து நிமிஷச் சரக்கு. அதைத் திருப்பித் திருப்பி வாசித்தார்கள். பிங்பாங் நகங்கள் ஒவ்வொன்றாகப் பறந்தன. ஒன்று கமிட்டித் தலைவரின் கண்ணாடியில் போய் விழுந்தது. வெறும் விரலால் வாசித்தார். விரல் நுனி தோல் உரிந்து கம்பி சிவந்தது. மணி எட்டரை ஆனது. அந்த மேடைக்குக் கீழே 'இன்னும், இன்னும்' என்று கேட்ட ஒரே ரசிகை வேம்புலி அம்மன்தான்.

ராக் உலகத்தில் கால் வைக்க நினைத்தவருக்கு இதன் பலன் உடனே கிடைத்தது. பாரிவாக்கம், பூந்தமல்லி என்று சுற்றுவட்டார அம்மன் கோயில்களெல்லாம் 'சாமி வர்ற மியூசிக்' வேண்டும் என்று ஆள் அனுப்பின. ஜேம்ஸின் அம்மா மாதா கோயில் பூசையில் மகனுக்காகத் தனியாக மன்றாட்டு வைத்தாள். துலுக்கானம் மேடையில் எலுமிச்சை மாலை போட்டுக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஃபிளமெங்கோ வாசித்தார்.

சின்னசாமி நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். வயசாளி, கோபத்தையும் மெதுவாகத்தான் பேசுவார்.

"நைனா, நீ ஸ்பெயினு. நாங்கோ பாரிவாக்கம். சாமி அழைக்கறது எங்க தொழிலு. அதுல வந்து நீ குறுக்க நிக்கலாமா?"

"நான் அழைக்கல நைனா. அதுவா வந்துச்சி."

"அதுவா வரும்னா எங்க தாத்தன் காலத்துலருந்து நாங்க எதுக்கு அடிச்சிகினு கீறோம்?"

சாமுண்டீஸ்வரி இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். "நீங்க ஒண்ணியும் கவலப்படாதீங்க. இவரு வாசிக்கறது சாமிக்கு எத்தினி நாளைக்குப் பொறுக்கும்?" என்று சின்னசாமிக்கு ஆறுதல் சொன்னாள்.

தொண்ணூற்றொன்றில் ஒரு நல்ல சேதி வந்தது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்துக்கு அசல் ஸ்பெயின் நாட்டிலிருந்தே ஒரு சிஸ்டர் வந்திருக்கிறார் என்று ஜேம்ஸ் சொன்னான். துலுக்கானம் அன்று சட்டையை இஸ்திரி போட்டார். தன் வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்கத் தெரிந்த ஒரு காது கிடைக்கப் போகிறது. மடத்து வராந்தாவில் உட்கார்ந்து, ஜேம்ஸ் ஒரே ஒரு டிரம்மை மட்டும் மெதுவாகத் தட்ட, கையில் இருந்ததையெல்லாம் வாசித்தார்.

சிஸ்டர் கடைசிவரை அசையாமல் கேட்டார். பிறகு புத்தகத்தில் படித்த தமிழில் சொன்னார்: "மிகவும் அழகாக இருக்கிறது. இது இந்த ஊர்க் கோயில் இசையா?"

"இல்ல சிஸ்டர், ஒங்க ஊரு. ஸ்பெயினு."

"ஓ. அது தெற்கே. நான் வடக்கு. எங்கள் ஊரில் பைக்குள் காற்று ஊதி வாசிப்பார்கள். இதை நாங்கள் ரேடியோவில் கேட்டதுதான்."

திரும்பும் வழியில் ஜேம்ஸ் பஸ்ஸில் சிரித்துச் சிரித்து இருமினான். துலுக்கானம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும், "அழகா கீதுன்னு சொல்லிச்சில்ல?" என்றார். "சொல்லிச்சு" என்றான் ஜேம்ஸ். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் ஜேம்ஸ் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனான். டிரம்ஸை ஒரு சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டான். அடுத்து வந்தது கீபோர்டு. பக்தவத்சலம் சிங்கப்பூர்க்காரர் ஒருவரிடம் வாங்கிய புது கீபோர்டைத் துலுக்கானத்தை வரவழைத்தே காட்டினார். அதில் டிரம்ஸ் இருந்தது, தபேலா இருந்தது, ஏன், ஒரு பொத்தானுக்கு 'ஃபிளமெங்கோ' என்றே பெயர் இருந்தது. அழுத்தினார். பன்னிரண்டும் பிசகாமல் ஓடியது.

"பாருடா. நீ பத்து வருஷமா வெரலத் தேச்சிகினு கெடந்தியே, இதோ. வெரலே வாணாம்." நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் கெட்டதைக்கூட நல்ல மனசோடு செய்பவர்.

துலுக்கானம் வீட்டுக்கு வந்து கிட்டாரைப் பரண்மேல் வைத்தார். சாமுண்டீஸ்வரி அதைப் பார்த்தாள். அந்த வாரம் குழாயடிக்கு அவள் போன தடவைகள் குறைந்தன. குடம் காலியாக இருந்தும், சாயங்காலம் வாசற்படியில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். "தல வலிக்குதா?" என்று ஒருநாள் கேட்டாள். அவர் இல்லை என்றார்.

தொண்ணூற்றாறு ஆடி ஞாயிறு, கூழ் ஊற்றும் நாள். கமிட்டி அந்த வருஷம் நவீனமாக யோசித்திருந்தது. கீபோர்டிலேயே பம்பையும் இருப்பதால் சின்னசாமி செட்டையும் நிறுத்திவிட்டார்கள். உச்சி வெயில். அண்டா அண்டாவாகக் கூழ் ரெடி. அம்மன் இறங்கி உத்தரவு கொடுத்தால்தான் ஊற்ற முடியும். பக்தவத்சலம் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். எல்லாம் பிசகில்லாமல் ஓடியது. நாகம்மா ஈரப் புடவையோடு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னாம்மா?" என்று கேட்டார் பூசாரி.

"வரல" என்றாள் நாகம்மா. "ரேடியோ கேக்கற மாதிரி கீது."

ஒரு மணி ஆனது. கூழ் வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. கமிட்டித் தலைவர் பாரிவாக்கத்துக்கு ஒரு சைக்கிளும் துலுக்கானம் வீட்டுக்கு ஒரு சைக்கிளும் அனுப்பினார். லுங்கியோடு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த துலுக்கானம், "வர முடியாதுன்னு சொல்லு" என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு பரணில் ஏறினார்.

கோயில் வாசலில் சின்னசாமியும் அப்போதுதான் வந்து இறங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே பொத்தான் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

"ஆரம்பி நைனா," என்றார் சின்னசாமி. "நான் பின்னால வரேன்."

மைக் இல்லை, ஊளை இல்லை. துலுக்கானம் அம்மன் முன்னால் தரையில் உட்கார்ந்து விரல்களை உதறினார். இரண்டு சுற்று சின்னசாமி தலையைச் சாய்த்துக் கேட்டார். மூன்றாவது சுற்றில் வளைந்த குச்சி பம்பைமேல் இறங்கியது. ஜேம்ஸுக்குத் தொடையில் தட்டித் தட்டிக் காட்டிய இடங்களில் சில அடிகள் விழுந்தன. சில அடிகள் துலுக்கானம் நினைத்தே பார்க்காத இடத்தில் விழுந்தன. நடுவில் ஒருமுறை இருவரும் தடம் மாறி முட்டிக்கொண்டார்கள். சின்னசாமி ஒரு உறுமலில் இழுத்துச் சேர்த்தார். பக்தவத்சலத்தின் காலே தாளம் போட்டது. அவர் அதைக் கவனித்து நிறுத்தினார். இத்தனை வருஷமாகத் துலுக்கானம் ராக் ராக் என்று தேடியது இவ்வளவு பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் நாகம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகம்மா கண்ணை மூடி ஆயத்தமாகத்தான் நின்றாள். கூக்குரல் வந்தது கூழ் வரிசையிலிருந்து. கையில் இருந்த தூக்குப் பாத்திரம் உருள, சாமுண்டீஸ்வரி தலைவிரி கோலமாக நடுவில் வந்து நின்றாள். அவளுக்குச் சாமி வந்ததாக அவள் பிறந்த ஊரிலும் கதை கிடையாது. துலுக்கானத்தின் கை ஒரு கணம் தயங்கியது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மறுபடி ஓடத் தொடங்கியது.

பூசாரி கற்பூரம் காட்டினார். "அம்மா, கூழ் ஊத்தலாமா?"

"இருடா," என்றாள் சாமுண்டீஸ்வரி. "அவன் முடிக்கட்டும்."

கடைசியாக மெதுவாக ஒன்றை வாசித்து முடித்தார். அப்புறம்தான் உத்தரவு கிடைத்தது. ஊர் கூழ் குடித்தது. நாகம்மா மட்டும் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அந்தக் கோபத்தை மூன்றாம் நாள் இட்லியில் உப்பை அள்ளிப் போட்டுத் தீர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை துலுக்கானம் முதல் ஷிப்டுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஊரில் பாதிப் பேர் அவள் காலில் விழுந்திருந்தார்கள், அவரும் விழுந்திருந்தார். அந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாமுண்டீஸ்வரி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள். "கடசீல ஒண்ணு வாசிச்சியே, மெதுவா. அது இன்னா?"

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ அப்ப சாமியில்ல ஆடிகினு இருந்த?"

"தெரியல. காதுல உழுந்துச்சி."

"அது சும்மா... அதுக்குப் பேரு கெடையாது."

"அத ஒரு தபா வாசி."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஷிப்ட் சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்றைக்குத் தொழிற்சாலையில் டர்னர் துலுக்கானத்துக்கு வயிற்றுப்போக்கு என்று பதிவாகியிருக்கிறது. கூழ் குடித்தால் அப்படி ஆகும் என்று பக்தவத்சலமே கையெழுத்துப் போட்டார்.